ஓர் உயிரின் விலை 1,80,000 யென்: 'இண்டெக்ஸ்' மூன்றாம் பாகத்தின் குளோன்கள்

கேள்வி இதுதான்: "ஜப்பானிய லைட் நாவல்களில் (இளைஞர்களுக்காகப் படங்களோடு வரும் நாவல்கள்) குளோனிங்கைப் பற்றி உருப்படியாக எழுதியது ஏதாவது இருக்கிறதா? இண்டெக்ஸ் தொடரின் மூன்றாம் பாகத்தைப் பலரும் சொல்கிறார்கள். அதில் வரும் அறிவியல் எந்த அளவுக்கு உண்மை? முந்தைய பாகங்களைப் படிக்காமல் நேராக அதை எடுக்கலாமா?"

இருக்கிறது. பலரும் அதையே சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அறிவியலைப் பொறுத்தவரை, குளோன்களை உருவாக்கும் விதத்தில் பெரும்பகுதி கற்பனை. ஆனால் உருவானபின் அவர்களுக்கு என்ன நடக்கும் என்பதில் அந்த நாவல் வியக்கத்தக்க அளவுக்கு நிதானமாக யோசித்திருக்கிறது. எந்த வரிசையில் படிப்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். கதையின் முக்கியத் திருப்பங்களைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத முடியாது. எனவே எதுவும் தெரியாமல் படிக்க விரும்புகிறவர்கள் கடைசிப் பத்தியை மட்டும் பார்த்துவிட்டு நாவலுக்குப் போய்விடுங்கள்.

முதலில் பின்னணி. கமாச்சி கசுமா எழுதி, ஹைமுரா கியோத்தாக்கா ஓவியம் வரைந்த 'தொஆரு மஜுத்சு நோ இண்டெக்ஸ்' தொடரின் முதல் பாகம் 2004 ஏப்ரலில் டெங்கெகி புங்கோ வரிசையில் வந்தது. கமாச்சி எழுத்தாளராக அறிமுகமானதே அந்தப் புத்தகத்தில்தான். அதே ஆண்டு செப்டம்பரில் மூன்றாம் பாகம் வந்துவிட்டது. தொடரின் பெயரிலேயே மந்திரம் இருக்கிறது ('மஜுத்சு' என்றால் மந்திரம்), முதல் இரண்டு பாகங்களும் மந்திரவாதிகளைப் பற்றியவை. மூன்றாம் பாகத்தில் மட்டும் மந்திரம் அநேகமாக இல்லை. முழுக்க முழுக்க ஆய்வகம், சூப்பர் கணினி, பரிசோதனை அறிக்கை என்று நகரும் அறிவியல் புனைகதை அது.

கதை நடக்கும் இடம் டோக்கியோவின் மேற்குப் பகுதியில் அமைந்த ஒரு கற்பனை நகரம், அகாடமி சிட்டி. மக்கள்தொகை 23 லட்சம், அதில் 80 சதவீதம் மாணவர்கள். அங்கே பள்ளிப் பாடத்தோடு சேர்த்து மாணவர்களுக்கு அதீத ஆற்றல்களையும் வளர்த்தெடுக்கிறார்கள். நிலை 0 முதல் நிலை 5 வரை தரம் பிரிக்கிறார்கள். நிலை 5 எட்டியவர்கள் நகரம் முழுவதிலும் 7 பேர்தான். அவர்களில் மூன்றாமிடத்தில் இருப்பவள் மிசாகா மிகோத்தோ, 14 வயது, மின்சாரத்தை ஆளும் பெண். முதலிடத்தில் இருப்பவன் ஆக்சிலரேட்டர். அவன் உடலைத் தொடும் எந்த விசையின் திசையையும் அவனால் மாற்றிவிட முடியும். துப்பாக்கிக் குண்டு பட்டால், அது சுட்டவனை நோக்கியே திரும்பிப் போகும். கதாநாயகன் கமிஜோ தோமா நிலை 0. அவனுடைய வலது கை தொட்டால் எந்த அதீத ஆற்றலும் அந்த இடத்திலேயே செயலிழந்துவிடும். அதைத் தவிர அவனிடம் வேறொன்றும் கிடையாது.

மிகோத்தோ சின்னக் குழந்தையாக இருந்தபோது ஒரு ஆய்வாளர் அவளிடம் வந்து, தசைச் சிதைவு நோயால் அவதிப்படுகிறவர்களுக்கு உதவலாம், உன் மரபணு வரைபடத்தைத் தருகிறாயா என்று கேட்கிறார். மனம் இளகி அவள் சரி என்கிறாள். அந்த வரைபடத்தை வைத்து, ராணுவப் பயன்பாட்டுக்காக அவளை மொத்தமாக நகலெடுக்கும் திட்டம் ஒன்று தொடங்குகிறது. பிறந்து வந்த குளோன்களின் ஆற்றல் மூலத்தின் 1 சதவீதம்கூட இல்லை என்று தெரிந்ததும் திட்டத்தைக் கைவிடுகிறார்கள். அப்புறம் அதே குளோன்களை வேறொரு திட்டம் வாங்கிக்கொள்கிறது. ஆக்சிலரேட்டரை யாரும் எட்டாத நிலை 6-க்கு உயர்த்த என்ன வழி என்று 'ட்ரீ டயக்ராம்' என்ற சூப்பர் கணினி கணக்குப் போட்டிருக்கிறது: அவன் மிகோத்தோவை 128 முறை கொல்ல வேண்டும். 128 மிகோத்தோக்களுக்கு எங்கே போவது? அதற்குப் பதிலாக 20,000 வகையான சண்டைச் சூழல்களில் 20,000 குளோன்களைக் கொன்றாலும் போதும் என்று கணினி சொல்கிறது.

கதை தொடங்கும் ஆகஸ்டு மாதத்தில் எண்ணிக்கை ஏற்கெனவே 10,000-ஐத் தாண்டியிருக்கிறது.

தோமா இதற்குள் வந்து மாட்டிக்கொள்ளும் விதத்தில்தான் கமாச்சியின் எழுத்துத் திறமை தெரிகிறது. மிகோத்தோவைப் போலவே இருக்கும் ஒரு பெண்ணைத் தெருவில் பார்க்கிறான். முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை. பேசும் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும், தானே தன்னைப் பற்றி வெளியிலிருந்து கதை சொல்வதுபோல, "என்று மிசாகா விளக்குகிறாள்", "என்று மிசாகா பெருமூச்சு விடுகிறாள்" என்று சேர்த்துக்கொள்கிறாள். மிகோத்தோவின் தங்கை என்று நினைத்துக்கொள்கிறான். மறுநாள் அவள் ஒரு கறுப்புப் பூனைக்குட்டியின் முன்னால் குந்தியிருக்கிறாள். அவள் உடலிலிருந்து கசியும் மெல்லிய மின்காந்தப் புலத்தால் விலங்குகள் அவளைக் கண்டு மிரளும், அதனால் தன்னால் அதற்குச் சோறு வைக்க முடியாது என்கிறாள். பூனை வளர்ப்பது பற்றிப் புத்தகம் வாங்க தோமா ஒரு பழைய புத்தகக் கடைக்குள் போய்விட்டு வருகிறான். வெளியே பூனை மட்டும் இருக்கிறது. பக்கத்துச் சந்துக்குள் எட்டிப் பார்த்தால் அந்தப் பெண் ரத்த வெள்ளத்தில் செத்துக் கிடக்கிறாள்.

பதறியடித்துக் காவல்துறையை அழைத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் சந்து சுத்தமாகிவிட்டது. உடலும் இல்லை, ரத்தமும் இல்லை. பிறகு பிணப் பையைத் தூக்கிக்கொண்டு அதே முகத்தோடு ஒருத்தி வருகிறாள். அவளுக்குப் பின்னால் அதே முகத்தோடு இன்னும் பலர். முதலாமவள் அவனிடம் மன்னிப்புக் கேட்கிறாள், பூனையை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போனதற்காக! இதுவரை உங்களோடு பேசிக்கொண்டிருந்தவள் 10032-ஆம் எண், அதாவது நான்தான், எனவே நீங்கள் வருந்த வேண்டாம் என்று ஆறுதலும் சொல்கிறாள். செத்தது 10031. அவளுக்கு அது வருத்தப்பட வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. தெரிந்தவள் உயிரோடுதான் இருக்கிறாள், அப்புறம் ஏன் இவன் முகம் இப்படி வெளிறிப்போகிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

குளோன் கதைகளில் வழக்கமாக வரும் கேள்வி, 'நான் மூலமா, நகலா' என்பது. அந்தக் கேள்வியை இந்த நாவல் அதிகம் சீண்டுவதே இல்லை. தாங்கள் நகல்கள் என்பது இந்தப் பெண்களுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும், அதில் அவர்களுக்கு எந்தத் தடுமாற்றமும் இல்லை. இங்கே பிரச்சினையே விலைதான். ஒரு குளோனின் அடக்க விலை 1,80,000 யென். கருவிகளும் மருந்துகளும் இருந்தால் ஒரு பொத்தானை அழுத்தி எத்தனை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். அந்தத் தொகை அப்போதைய ஜப்பானில் எவ்வளவு என்று பாருங்கள். கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்கிறவரின் முதல் மாதச் சம்பளமே ஏறக்குறைய 2 லட்சம் யென். அதைவிடக் குறைவு. 20,000 பேருக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 360 கோடி யென். ஒரு நகர நிர்வாகத்துக்கு அது பெரிய தொகையே இல்லை. ஒரு கொடுமை அரக்கத்தனமான செலவில் நடந்தால் யாராவது ஒருவர் கணக்குக் கேட்பார். மலிவாக இருப்பதால்தான் அது 10,000 முறை நடந்தும் யாரும் கேட்கவில்லை. குளோனிங் பற்றிப் படித்த பல கதைகளில் இந்தக் கணக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. எனக்கு இந்த நாவல் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் அதுதான்.

இனி அறிவியல்.

நாவல்படி ஒரு குளோன் 14 நாட்களில் 14 வயது உடலோடு வளர்ந்துவிடுகிறாள். வளர்ச்சியைத் துரிதப்படுத்தும் மருந்துகள் கொடுக்கிறார்கள், மொழி, நடத்தை, பொது அறிவு எல்லாவற்றையும் ஒரு கருவியால் மூளைக்குள் ஏற்றுகிறார்கள். இது நடக்காது. ஒரே ஒரு செல்லிலிருந்து ஒரு மனித உடலின் செல் எண்ணிக்கைக்கு வர, ஏறக்குறைய 45 முறை இரட்டிப்பாக வேண்டும். 2-ஐ 45 முறை பெருக்கினால் 35 லட்சம் கோடிக்குப் பக்கத்தில் வரும், வளர்ந்த மனித உடலில் இருக்கும் செல்களும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆய்வகத் தட்டில் வளரும் மனிதச் செல் ஒன்று பிளவுபடச் சாதாரணமாக ஒரு நாள் ஆகும். அப்படியானால் ஒரு நிமிடம்கூட ஓயாமல் பிளந்தாலும் 45 நாள். இது வெறும் எண்ணிக்கைக்கான நேரம். எந்தச் செல் எலும்பாக வேண்டும், எது எப்போது பிளவதை நிறுத்த வேண்டும், எது செத்து வழிவிட வேண்டும் என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தால்தான் உடல் உருவாகும். மருந்து கொடுத்து அவசரப்படுத்தினால் கிடைப்பது கட்டிதான்.

ஆனால் கமாச்சி இதை இலவசமாக விட்டுவிடவில்லை. கட்டாய வளர்ச்சியால் குளோன்களின் ஆயுள் குறைந்துபோயிருக்கிறது. பரிசோதனை நின்றபிறகும் அவர்கள் தொடர்ந்து மருத்துவக் கண்காணிப்பில் இருந்தாக வேண்டும். உயிர் பிழைத்தவர்களை உலகம் முழுவதும் உள்ள மருத்துவ நிலையங்களுக்குப் பிரித்து அனுப்புகிறார்கள். இந்தப் பாகம் வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். 1996 ஜூலை 5 அன்று ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் நிறுவனத்தில் பிறந்த டாலி என்ற செம்மறியாடு 2003 பிப்ரவரி 14 அன்று, ஆறரை வயதில், நுரையீரல் நோய் முற்றியதால் கருணைக்கொலை செய்யப்பட்டது. அதற்கு முன்பே மூட்டுவாதமும் வந்திருந்தது, குரோமோசோம் நுனிகளில் இருக்கும் டெலோமியர்கள் வயதுக்கு மீறிக் குட்டையாக இருந்தன. குளோன் என்றாலே பிறக்கும்போதே கிழடுதான் என்ற எண்ணம் அந்த ஆண்டுகளில் எங்கும் பரவியிருந்தது. பிறகு அந்த எண்ணம் மாறியது. டாலி பிறந்த அதே செல் வரிசையிலிருந்து உருவான நான்கு ஆடுகள் உட்பட 13 குளோன் ஆடுகளை நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் பரிசோதித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், அவை தங்கள் வயதுக்கு நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பது தெரியவந்தது. டாலியின் நுரையீரல் நோய்க்கும் காரணம் ஆடுகளைத் தாக்கும் ஒரு வைரஸ்தான். நாவலில் ஆயுள் குறைவதற்குக் காரணம் குளோனிங் அல்ல, மருந்துதான் என்று எழுதியிருப்பதால் இந்தப் புதிய தகவலால் கதை பழசாகிப் போகவில்லை.

ஒரே உயிரை ஆயிரக்கணக்கில் நகலெடுப்பது? இங்கே ஜப்பானிய அறிவியல் நாவலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. டாலி ஒன்று பிறக்க 277 கருமுட்டைகள் தேவைப்பட்டன. அடுத்த இரண்டே ஆண்டுகளில், 1998 ஜூலையில், ஜப்பானின் இஷிகாவா மாகாணத்தில் ஒரு வளர்ந்த பசுவின் செல்லிலிருந்து இரண்டு கன்றுகள் பிறந்தன. அவற்றுக்கு நோட்டோ, காகா என்று அந்த மாகாணத்தின் பழைய பகுதிகளின் பெயரையே வைத்தார்கள். எலிகளைக் குளோன் செய்ய முடியாது என்று பலரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, ஹவாயில் பணிபுரிந்த வாகாயாமா தெருஹிக்கோ அதைச் செய்து காட்டினார். பின்னர் அவர் கோபேயின் ரிக்கென் நிலையத்தில் இருந்தபோது, 16 ஆண்டுகள் உறைந்து கிடந்த எலியின் உடலிலிருந்தும் குளோன் எடுத்தார். 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஒரு எலியில் தொடங்கி, குளோனிலிருந்து குளோன், அதிலிருந்து இன்னொரு குளோன் என்று 25 தலைமுறைகளில் 581 எலிகள். அவை இயல்பாக வாழ்ந்தன, குட்டி போட்டன. 2004-இல் வரிசை எண் போட்ட குளோன்கள் வெறும் கற்பனை. ஒன்பது ஆண்டுகளில், எலி அளவிலாவது, அது ஆய்வகப் பதிவேட்டில் வந்துவிட்டது.

நாவல் மிகச் சரியாகப் பிடித்த இடம், குளோன்களின் ஆற்றல் மிகோத்தோவின் ஆற்றலுக்குப் பக்கத்தில்கூட வராததுதான். அவ்வளவு பணம் போட்ட ஆய்வாளர்களுக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்கலாம், ஆனால் உயிரியல் படித்தவருக்கு வியப்பாக இருக்காது. 2001 டிசம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் சிசி என்ற பூனைக்குட்டி பிறந்தது. உலகின் முதல் குளோன் பூனை. அதன் மூலமான ரெயின்போ மூன்று நிறம் கலந்த பூனை. மரபணு அப்படியே இருந்தும் சிசியின் உடலில் ஆரஞ்சு நிறமே வரவில்லை. பெண் பூனையின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அணைந்துவிடும். எது அணைந்திருந்த செல்லிலிருந்து குளோன் எடுத்தார்களோ, அந்த நிலை குட்டியின் உடல் முழுக்கத் தங்கிவிட்டது. ரோமத்தின் நிறமே இப்படி மாறும் என்றால், 14 ஆண்டுகள் பயிற்சி செய்து, தோற்று, அடம்பிடித்து வளர்த்த ஒரு திறமை தொட்டியில் இரண்டு வாரத்தில் எப்படி வரும்? மிகோத்தோ நிலை 1-இல் தொடங்கி உழைத்து நிலை 5-க்கு வந்தவள் என்பதை இந்தத் தொடர் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அந்த உழைப்பு அவள் மரபணு வரைபடத்தில் இல்லை.

அறிவியல் தடுமாறுவது எங்கே என்றால், அந்தச் சின்னப் பெண்ணிடம் சொல்லப்பட்ட பொய்யில். உன் மின் ஆற்றலை மற்றவர்களுக்கும் புகட்ட முடிந்தால், நரம்பு வழியை விட்டுவிட்டு வேறு வழியாகத் தசைகளை இயக்கலாம் என்கிறார்கள். தசைச் சிதைவு நோய்களில் அதிகம் அறியப்பட்ட டூஷேன் வகையில் நரம்பு நன்றாகவே வேலை செய்யும். மூளையின் கட்டளை தசைவரை சரியாக வந்து சேரும். டிஸ்ட்ரோபின் என்ற புரதம் இல்லாததால், சுருங்கி விரியும் ஒவ்வொரு முறையும் தசை நார்தான் கிழிந்து அழிகிறது. எந்த வழியாக மின்சாரம் கொடுத்தாலும் இல்லாத நார் இயங்காது. ஆசிரியர் கவனிக்காமல் விட்டாரா என்ற விவாதத்தை விட, கதைக்குள் இது பொருந்துகிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. கேட்டது ஒரு குழந்தை. சரிபார்க்கத் தெரியாத வயதில், நல்லது செய்யப்போகிறோம் என்ற ஆசையைக் காட்டிச் சம்மதம் வாங்கியிருக்கிறார்கள்.

சம்மதம் என்பது 2004-இல் சூடான விஷயம். அந்த ஆண்டு பிப்ரவரியில் தென் கொரியாவின் ஹ்வாங் வூ-சுக், மனிதக் கருவைக் குளோன் செய்து அதிலிருந்து ஸ்டெம் செல் எடுத்துவிட்டதாக அறிவித்தார். உலகமே கொண்டாடியது. மறு ஆண்டின் கடைசியில் மோசடி வெளியே வரத் தொடங்கியது. அவருடைய ஆய்வகத்தில் வேலை பார்த்த இளம் பெண்களிடமிருந்தும் கருமுட்டைகள் பெறப்பட்டிருந்ததும் தெரியவந்தது. மூன்றாம் பாகம் வெளியானது அந்த அறிவிப்புக்கும் அம்பலத்துக்கும் நடுவில். ஆய்வகத்தின் மேல் எல்லோரும் கண்மூடித்தனமாக நம்பிக்கை வைத்திருந்த நேரத்தில் வந்த புத்தகம்.

சட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இதை யாரும் அதிகம் பேசிப் பார்த்ததில்லை. மனிதக் குளோனிங்கைத் தடை செய்யும் சட்டத்தை ஜப்பான் 2000-ஆம் ஆண்டின் இறுதியில் இயற்றியது. மீறினால் 10 ஆண்டுவரை சிறை, அல்லது 1 கோடி யென் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அந்தத் தண்டனைப் பிரிவு தடுப்பது குறிப்பாக ஒரு செயலை: குளோன் கருவை மனிதரின் அல்லது விலங்கின் கருப்பைக்குள் வைப்பதை. 2000-இல் அப்படி எழுதியது இயல்புதான், கருப்பை இல்லாமல் குழந்தை பிறக்க வேறு வழி அன்றும் இல்லை, இன்றும் இல்லை. நாவலின் குளோன்களோ வளர்ப்புத் தொட்டியில் வளர்கிறவர்கள். கருப்பையே இந்தக் கதையில் இல்லை. தொட்டி வந்துவிட்டால் அந்தச் சட்ட வாசகம் எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும் என்று சட்டம் படிக்கும் நண்பர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

சண்டைக்கு வருகிறேன். பரிசோதனையை நிறுத்த மிகோத்தோ பல வழிகளில் முயன்று தோற்றுவிட்டாள். கடைசியில் தன் உயிரையே கொடுக்க முடிவு செய்கிறாள். அவள் ஆக்சிலரேட்டரிடம் 185 நகர்வுகள்வரை தாக்குப்பிடிப்பாள் என்று கணினி சொல்லியிருக்கிறது. முதல் நகர்விலேயே செத்துவிட்டால் கணினியின் கணக்கே தவறு என்று ஆய்வாளர்கள் நினைத்து நிறுத்திவிடுவார்கள் என்பது அவள் திட்டம். ஒரு பாலத்தில் தோமா அவளை வழிமறிக்கிறான். அவள் மின்னலை அவன்மேல் ஏவுகிறாள். அவன் கை ஓங்கவும் இல்லை, விலகிப் போகவும் இல்லை. பிறகு அதே தர்க்கத்தை அவன் வேறு விதமாகத் திருப்புகிறான். நகரத்தின் முதல் ஆள், நிலை 0 ஒருவனிடம் தோற்றால்? அப்போதும் கணக்கு பொய்யாகிவிடும், ஆனால் யாரும் சாக வேண்டியதில்லை. 20,000 கொலைகளை நியாயப்படுத்திய கணக்கை அதே கணக்கின் விதிகளுக்குள் நின்று உடைக்கும் இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. கணக்கைத் திரும்பப் போட்டுச் சரிபார்க்கவும் வழியில்லை. விண்ணில் இருந்த அந்தக் கணினி முதல் பாகத்தின் முடிவிலேயே அழிந்துவிட்டது.

சண்டை நடப்பது ஒரு ரயில் யார்டில். அங்கே தோமா அடி வாங்கிக் கிடக்கும் 10032-இடம் சொல்வதன் சாரம், உலகத்தில் நீ ஒருத்திதான் இருக்கிறாய் என்பது. ஒரு வரியில் சொன்னால் சாதாரணமாகத் தெரியும், நூற்றுக்கணக்கான பக்கங்களாக விலையும் எண்ணும் படித்துவிட்டு அங்கே வரும்போது அப்படி இருக்காது. இன்னொன்று, தோமா தனியாக ஜெயிப்பதில்லை. ஆக்சிலரேட்டர் காற்றையெல்லாம் ஓரிடத்தில் அழுத்திப் பிளாஸ்மா உருவாக்கும்போது, நகரம் முழுவதும் இருக்கும் காற்றாலைகளைக் குளோன்கள் மின்காந்த அலையால் சுழற்றிக் காற்றோட்டத்தைக் கலைக்கிறார்கள். சாவதற்காகவே பிறந்தோம் என்றவர்கள், யாரோ ஒருவன் சாகக்கூடாது என்று முதல்முறையாகத் தாங்களாக ஒன்றைச் செய்கிறார்கள். மூளை அலைகளால் இவர்கள் எல்லோரும் ஒரே வலையாக இணைந்திருப்பது முழுக் கற்பனை, மூளை அலை அவ்வளவு தூரம் போகாது. ஆனால் நினைவுகளைப் பகிர்ந்துகொண்டே இருந்தும் இவர்கள் மெல்ல மெல்லத் தனித்தனி ஆட்களாக மாறுவதைப் பின்வரும் பாகங்கள் காட்டுகின்றன. ஒருத்தி மற்றவர்களுக்குத் தெரியாமல் உடல் எடையைக் குறைக்கிறாள், அது தெரிந்து மற்றவர்கள் அவளைப் பிடித்து விசாரிக்கிறார்கள். இந்தச் சின்ன விஷயம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது.

பரிசோதனை நின்றபோது இறந்தவர்கள் 10,031 பேர். பிழைத்தவர்கள் 9,969 பேர். இந்த இரண்டு எண்களையும் தொடர் மறப்பதே இல்லை. ஐந்தாம் பாகத்தில் ஆக்சிலரேட்டரைத் தேடி ஒரு சிறுமி வருகிறாள், 10 வயது தோற்றத்தில், எண் 20001. குளோன்கள் கலகம் செய்தால் அடக்குவதற்காக உருவாக்கிய கட்டுப்பாட்டு மையம் அவள், பெயர் லாஸ்ட் ஆர்டர். ஒரு சாப்பாட்டுக் கடையில் அவனோடு உட்கார்ந்து, இன்னொருவரோடு சேர்ந்து சாப்பிடுவது இதுதான் முதல்முறை என்கிறாள். அப்புறம் அவனிடம் கேட்கிறாள்: ஒவ்வொரு சண்டைக்கு முன்பும் எங்களிடம் அவ்வளவு பேசினாயே, எங்களில் ஒருத்தியாவது 'வேண்டாம்' என்று சொல்லிவிட மாட்டாளா என்று எதிர்பார்த்தாயா? அவனிடம் பதில் இல்லை. அன்றிரவே அவளைக் காப்பாற்றும்போது தலையில் குண்டு பாய்ந்து அவன் மூளை சேதமாகிறது. அதன்பின் அவன் பேசுவதற்கும் நடப்பதற்கும் ஆற்றலைப் பயன்படுத்துவதற்கும் தேவையான கணிப்பை அந்த 9,969 பேரின் மூளைகளே அவனுக்காகச் செய்துகொடுக்கின்றன. கழுத்தில் மாட்டிய கருவியின் பேட்டரி தீரும்வரைதான் அவன் பழைய ஆக்சிலரேட்டர். தொடக்கத்தில் அது 15 நிமிடம்.

இங்கே எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 10,031 பெண்களின் சாவு கடைசியில் ஓர் ஆணின் மனமாற்றத்துக்கான முன்கதையாகிவிடுகிறது என்று சில வாசகர்கள் சொல்கிறார்கள், அதில் உண்மை இருக்கிறது. லாஸ்ட் ஆர்டரின் கேள்வி அவன் சுமையைக் கொஞ்சம் இறக்கிவைக்கவும் செய்கிறது. ஆனால் கமாச்சி அதோடு விட்டுவிடவில்லை. 20-ஆம் பாகத்தில், அவனைக் கொல்வதற்கென்றே உருவாக்கிய இன்னொரு குளோன் வருகிறாள், மிசாகா வொர்ஸ்ட். வலையில் இருக்கும் அத்தனை பேரின் வெறுப்பையும் கோபத்தையும் மட்டும் பிரித்தெடுக்கும்படி அவளை அமைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் வாய்விட்டுச் சொல்லாததை அவள் அவன் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். கொன்றவனை மன்னிக்க வேண்டிய கடமை குளோன்களுக்கு இல்லை என்பதை நாவல் அந்த இடத்தில் ஒப்புக்கொள்கிறது.

மூன்றாம் பாகத்தின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சண்டையின் நடுவே தோமா நீளமாகப் பேசுகிறான், சில பக்கங்களில் ஒரே கருத்து மூன்று முறை வருகிறது. பலவீனமானவர்களைக் கொன்றால் ஒருவன் எப்படி அடுத்த நிலைக்குப் போவான் என்பதற்குக் கணினி சொன்னது என்பதைத் தவிர விளக்கம் எதுவும் இல்லை. மிகோத்தோவின் போராட்டம் பெரும்பாலும் நடந்து முடிந்த செய்தியாகவே நமக்கு வருகிறது. இந்தக் கடைசிக் குறையைத் தீர்ப்பதற்காகவே ஃபுயுகாவா மோத்தோய் வரைந்த 'ரெயில்கன்' மாங்காவும் (சித்திரக்கதை), 2013 ஏப்ரலில் தொடங்கிய 'ரெயில்கன் எஸ்' அனிமேயும் (அசைபடத் தொடர்) இருக்கின்றன. அதே சம்பவங்களை மிகோத்தோவின் பக்கம் நின்று சொல்பவை அவை. அதில் வரும் 9982-ஆம் எண்ணுக்கு மிகோத்தோ ஒரு தவளை பேட்ஜைக் குத்திவிடுவாள். காலை இழந்து கிடக்கும் நிலையிலும் அந்தக் குளோன் அந்த பேட்ஜை நோக்கி ஊர்ந்து போகும் காட்சியை நாவல் படித்தவர்களும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சரி, எப்படிப் படிப்பது? நேராக மூன்றாம் பாகத்தை எடுத்தால் கதை புரியும், ஆனால் இரண்டு விஷயங்கள் நழுவும்: தோமாவுக்கு நினைவு ஏன் இல்லை, அந்தச் சூப்பர் கணினி எப்படி அழிந்தது. இரண்டுமே முதல் பாகத்தின் முடிவில் இருக்கின்றன. எனவே 1, 3, 5 என்ற வரிசையில் படியுங்கள். 2, 4 இரண்டும் மந்திரக் கதைகள், குளோன்களுக்காக மட்டும் படிப்பவர்கள் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஐந்தாம் பாகம் ஆகஸ்டு 31 என்ற ஒரே நாளில் மூன்று பேருக்கு நடப்பதைச் சொல்கிறது, அதில் ஆக்சிலரேட்டர் பகுதிகளை மட்டும் தொடர்ந்து படித்தாலும் ஒன்றும் குறையாது. ஆங்கிலத்தில் யென் பிரஸ் 2014 இறுதியில் வெளியிடத் தொடங்கியது. படிக்க நேரமில்லை என்றால் 2008-இல் வந்த இண்டெக்ஸ் அனிமேயின் முதல் பருவத்தில் 10 முதல் 14 வரையிலான அத்தியாயங்கள் மூன்றாம் பாகம்தான். ஆனால் 'ரெயில்கன் எஸ்' அதே கதைக்கு முதல் 16 அத்தியாயங்களைக் கொடுத்திருப்பதால், ஒன்றை மட்டும் பார்க்க முடியும் என்றால் அதையே தேர்ந்தெடுங்கள்.